எதிர் வீட்டு இருமல்

அந்த வருடம் என் வேலை, கதவைத் தட்டி "வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருக்கா?" என்று கேட்பது. நான் தையல் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனியை ஊரடங்கில் மூடிவிட்டார்கள். வீடுவீடாகப் போய்க் காய்ச்சல் பார்க்க மாநகராட்சியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். நெற்றிக்கு நேராகப் பிடிக்கிற தெர்மாமீட்டர் ஒன்று, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற சின்ன மெஷின் ஒன்று கொடுத்தார்கள். காலையிலிருந்து மத்தியானம் வரை திருவொற்றியூர் சந்துகளில் நடப்பேன்.

யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். "அல்லாரும் நல்லாக் கீறோம், நீ போமா" என்பார்கள், கதவைப் பாதி திறந்து. உள்ளே யாராவது இருமினால் டிவி சத்தம் கூடும். வாசலில் வேப்பிலை தொங்கும், அடுப்பில் கபசுரக் குடிநீர் கொதிக்கிற கசப்பு வாசனை தெருவரை வரும். ஒரு வீட்டில் ஒரு அம்மா என் கையைப் பிடிக்க வந்து, தொடக்கூடாது என்று ஞாபகம் வந்து, கையை அப்படியே காற்றில் நிறுத்திக்கொண்டு கெஞ்சினாள். "எழுதிக்காதம்மா. தகரம் அடிச்சாங்கன்னா எம் பொண்ணு கல்யாணமே நின்னுபூடும்."

தொற்று வந்த வீட்டு வாசலைச் சவுக்குக் கட்டை நட்டுத் தகரம் வைத்து அடைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. தகரத்தைப் பார்த்தால் ஜனங்கள் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தார்கள்.

நாங்கள் குடியிருந்தது காலடிப்பேட்டையில், லைன் வீடுகளில். நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு நடை, இரண்டு பக்கமும் ஒற்றை அறை வீடுகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு கக்கூஸ். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் குழந்தை இல்லை. அவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். ஊர் முழுக்க அடங்கிக் கிடந்தபோதும் துறைமுக வேலை நிற்கவில்லை. எங்களுக்கு நேர் எதிர் வீட்டில் ஒரு அக்கா. அவள் புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். மோட்டார் பொருத்திய மூன்று சக்கர மீன்பாடி வண்டி வைத்திருந்தார். காசிமேட்டிலிருந்து மீன் கூடையும் ஐஸும் ஏற்றிக்கொண்டு போவார். சர்க்கரை வியாதி உண்டு.

ஆரம்பத்தில் அக்கா எனக்காக வாசலில் மஞ்சள் தண்ணீர் கலந்து வைத்திருப்பாள். "கால கழுவிக்கினு உள்ள போ, கண்ணு" என்பாள். ஜுரம் பக்கத்துத் தெருவுக்கு வந்ததும் அந்தப் பக்கெட் காணாமல் போனது. பிறகு, எல்லோரும் தண்ணீர் பிடித்த பிறகுதான் நான் குழாய்க்கு வர வேண்டும் என்று ஆனது. வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. நான் குடத்தோடு போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்து நிற்பார்கள்.

மணலி ரிஃபைனரிப் பக்கமிருந்து காற்று அடித்தால் எங்களுக்கு கேஸ் நாற்றம் வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்துவோம். ஒரு சாயங்காலம் அப்படி நாற்றம் வந்து லைன் முழுக்கக் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. என் வீட்டுக்காரர் மட்டும் திறந்த ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நாத்தம் அடிக்கலியா உனக்கு?" என்றேன்.

"இன்னா நாத்தம்?" என்றார்.

வாசனை தெரியாமல் போனால் அந்த ஜுரம்தான் என்று வீடுவீடாகப் போய் எனக்குத் தெரியும். அவரும் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லிடு. நீயே மறைச்சா நல்லாருக்காது" என்றார்.

மறுநாள் சோதனை. அவருக்கு இருக்கிறது, எனக்கு இல்லை என்று வந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது பக்கத்து மாடிகளில் தலைகள் முளைத்தன. சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள். அவர் ஒரு பாலிதீன் பையில் லுங்கியும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு, திருடனைக் கூட்டிப்போவதுபோல் தலையைக் குனிந்து நடந்தார். ஏதோ ஒரு கல்லூரியில் வைத்திருந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் போனதும் என் வாசலில் தகரம் அடித்தார்கள். ஒரு ஓரத்தை மட்டும் ஆணி அடிக்காமல், ஒரு கை நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டார்கள். பொதுக் கக்கூஸுக்குப் போக மட்டும் வெளியே வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் வாளியோடு தகரத்தை நகர்த்திக்கொண்டு போனால், கக்கூஸ் கதவில் புதுப் பூட்டு. பக்கத்தில் மாமா சாவியோடு நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து அக்காதான் கத்தினாள். "எங்க வூட்ல சக்கர நோயாளி கீறாரு. அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயா வந்து பாப்ப? உள்ள போமே!" மற்ற வீடுகளிலிருந்து ஒரு குரலும் எனக்காக எழவில்லை.

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். பேசுகிறேன் என்றார், யாரிடம் பேசினாரோ தெரியாது. அறையின் ஒரு மூலையில் சேலையைத் திரைபோல் கட்டி, பெயின்ட் வாளியை வைத்தேன். அதே அறையில்தான் அடுப்பு, அதே அறையில்தான் படுக்கை. வாளிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தேன், தண்ணீரைக் குறைத்தேன். பிளீச்சிங் பவுடர் நெடியில் கண் எரிந்துகொண்டே இருக்கும். முகாமிலிருந்து அவர் போன் செய்து "எப்படிக் கீற?" என்று கேட்டால், "எனக்கின்னா, ராணி மாதிரி கீறேன்" என்பேன். போனை வைத்த பிறகு சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுவேன். நோய் வராமலேயே செத்துப்போய்விட்டேன் என்று தோன்றும்.

இப்படி இருக்கும்போதுதான் எதிர் வீட்டிலிருந்து அந்த இருமல் கேட்டது. வறட்டு இருமல், விடாமல். எத்தனையோ வாசலில் நின்று கேட்டுக் கேட்டு என் காது பழகியிருந்தது. தகர இடைவெளியில் வாயை வைத்துக் கூப்பிட்டேன்.

"அக்கா, மாமாவுக்கு ஜுரம் கீதா?"

"தூசி" என்றாள் உள்ளேயிருந்து. "வண்டி ஓட்றவருக்குத் தூசி ஒத்துக்கல. உன் வேலயப் பாரு."

மறுநாள் இருமல் அதிகமானது. அவள் செல்லுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. பொறுக்க முடியாமல் சூப்பர்வைசரிடம் சொன்னேன். சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "எங்க வூட்ல ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. பாத்ரூம் பூட்டுனதுக்கு அவ காண்டுல பழி போட்றா" என்றாள். லைனில் இருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். வந்தவர்கள் என் தகரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் சொன்னதை நம்ப அங்கே ஒரு ஆள் இல்லை.

அடுத்த நாள் முற்பகலில் தகர இடைவெளியில் அக்காவின் விரல்கள் தெரிந்தன.

"அந்த வெரல்ல மாட்ற மெஷினு உன்னாண்ட கீதா?" குரல் எழும்பவே இல்லை.

கொடுத்தேன். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் பயமில்லை என்று சொன்னேன். போனவள் உடனே திரும்பி வந்தாள்.

"எழுவத்திரண்டு காட்டுது. பேட்டரி போய்ட்சா?"

"உன் வெரல்ல மாட்டிப் பாருக்கா."

மாட்டினாள். தொண்ணூற்றெட்டு. அவள் தகரத்தைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்தாள். "நேத்து ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான் தலபாடா அடிச்சுக்கினேன். நம்மளயும் தகரத்துல அடைச்சு, கக்கூஸ பூட்டிடுவாங்கமேன்னு அவுருதான் வரமாட்டேன்னுட்டாரு."

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். எங்கள் சந்துக்குள் வண்டி வராது, தெருமுனைக்கு ஆளைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்றார்கள். அக்கா ஒவ்வொரு வாசலாகப் போய்க் கூப்பிட்டாள். கதவுகள் திறக்கவில்லை. நான் தகரத்தைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். இருக்கிற முகக்கவசத்தின் மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டேன். மாமாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் அக்காவும் முன்னும் பின்னுமாகத் தூக்கினோம். கனமான உடம்பு. நாலு எட்டு வைப்போம், இறக்குவோம், மறுபடி தூக்குவோம். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. சந்து முனையில் நின்ற தன் மீன்பாடி வண்டியைப் பார்த்ததும், "அத்த உள்ள தள்ளி வுடு. மழ வரப்போவுது" என்றார் மூச்சு வாங்க. அவர் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றனவாம். படுக்கை கிடைக்கும்வரை வண்டியிலேயே வைத்திருந்தார்கள். அக்காவை உள்ளே விடவில்லை, சோதனை எடுத்து வீட்டுக்கு அனுப்பி அவள் வாசலிலும் தகரம் அடித்தார்கள். மறுநாள் மத்தியானம் மாமா இறந்துவிட்டார்.

இப்போது எங்கள் இரண்டு தகரங்களும் எதிரெதிரே நின்றன. அக்கா எனக்குப் போன் செய்தாள். "மூஞ்சியாவது காட்டுவாங்களா?" தெரிந்த நம்பருக்கெல்லாம் அடித்தேன். கடைசியில் சுடுகாட்டில் வேலை செய்கிற ஒருவர் இரக்கப்பட்டு வீடியோ கால் செய்தார். வெள்ளை பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு மூட்டை. அது யார் என்றே தெரியவில்லை. மணலி புதுநகரில் கட்டிக்கொடுத்த மகள் வர முடியவில்லை, அந்தத் தெருவையும் அடைத்திருந்தார்கள். அக்காவின் அலறல் தகரத்தில் மோதி மோதி வந்தது. நான் என் வீட்டுத் தகரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். அவளைக் கட்டிப்பிடிக்க நாலு அடிதான் இருக்கும், போக முடியவில்லை. கக்கூஸ் சாவி அக்காவிடம் மாட்டிக்கொண்டது என்று அன்றே மற்றவர்கள் பூட்டை உடைத்து வேறு பூட்டு போட்டார்கள்.

ஒரு நாள் போனில் கேட்டாள். "டெஸ்ட் எடுக்க அந்த ஆளுங்க வந்தன்னிக்கு நான் உள்ள வுட்டிருந்தா, பொழச்சிருப்பாரா?"

பிழைத்திருக்க மாட்டார் என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். ஆனாலும் "தெர்லக்கா" என்றுதான் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

என் வீட்டுக்காரர் இளைத்துத் திரும்பி வந்தார். அவர் வந்த வாரத்தில் அக்கா என்னிடம் சொல்லாமல் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். எதிர் வீட்டுக்கு வேறு குடும்பம் வந்தது.

பல மாதம் கழித்துத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் கீரை வாங்கும்போது அவளைப் பார்த்தேன். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தாலும் அடையாளம் தெரிந்தது. "அக்கா" என்று ஓடினேன். ஒரு கையை நீட்டி என்னைத் தள்ளியே நிறுத்தினாள்.

"கோவமில்ல கண்ணு" என்றாள். "உன்னப் பாத்தா அந்த நம்பரு ஞாபகம் வருது. எழுவத்திரண்டு, எழுவத்திரண்டுன்னு. உன் போன் நம்பர அழிச்சிட்டேன். நீயும் என்னுத அழிச்சிடு."

சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். அவள் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. கூப்பிட்டதில்லை.