ஆமென் சொல்லக் கூடாத அறை

புதன் இரவு. திருநெல்வேலி ஜங்ஷனில் நிஜாமுதீன் ரயிலில் ஏறும்போது என்னிடம் மூன்று சாமான்கள் இருந்தன: ஒரு துணிப்பை, மைக்குகளும் ரெக்கார்டரும் இருந்த பெட்டி, மனைவி வலுக்கட்டாயமாகத் தலையில் மாட்டிவிட்ட கம்பளிக் குல்லா. டெல்லிக்குப் போகிறேன் என்றதும் பாளையங்கோட்டையில் கேட்டவர்கள் அத்தனை பேரும் "ஜனவரியிலயா?" என்று வாயைப் பிளந்தார்கள். ஏறத்தாழ இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். ஸ்லீப்பர் டிக்கெட் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நேரத்துக்குப் போனாலே வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் போய்ச் சேரும். இத்தனை பாடும் எதற்கு? ஒரு படத்தில் கேட்கக் கூடாத இடத்தில் கேட்டுவிட்ட ஆமெனை இல்லாமல் ஆக்குவதற்கு.

விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நான் மைக்செட்காரன். கிறிஸ்தவக் கன்வென்ஷன் கூட்டப் பந்தல்களில் முப்பது வருஷம் மைக் கட்டி, இப்போது சின்னப் படங்களுக்கு ஒலிப்பதிவும் செய்கிறேன். மெர்லின் எங்கள் பக்கத்து நாசரேத் ஊர்ப் பெண், டெல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி இல்லாத நாட்களில் தன்னைப் போன்ற நாலைந்து தமிழ்க் கிறிஸ்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு படம் எடுக்கிறாள். தயாரிப்பாளர், கம்பெனி என்று யாரும் பின்னால் இல்லை. கதை இதுதான்: டெல்லியில் இருக்கும் ஒரு நர்ஸ், ஊரில் தன் அப்பாவின் அடக்கத்தைச் செல்போனில் பார்க்கிறாள். போன் பாதியில் கட்டாகிறது. அவள் தனி அறையில் உட்கார்ந்து ஜெபிக்கிறாள். படத்தின் உயிர் அந்த ஜெபத்தில்தான் இருக்கிறது.

அதில் நடித்த ஜாஸ்மினும் நிஜ நர்ஸ்தான், திண்டுக்கல் பக்கம். அவளுக்கு நடந்ததும் அதேதான். கேமரா ஓடியதும் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டுச் சொந்தமாகவே ஜெபித்துவிட்டாளாம். ஒரே டேக். எல்லாரும் அழுதுவிட்டார்கள். பிறகு போட்டுப் பார்த்தால் தலையில் இடி. ஜெபம் தொடங்கியதும் பழக்க தோஷத்தில் அறையில் இருந்த அத்தனை பேரும் தலை குனிந்து கண்ணை மூடியிருக்கிறார்கள். கேமராவைக் கையில் பிடித்திருந்தவனும் மூடிவிட்டான்! படம் மெல்ல மெல்ல நழுவி ஜன்னல் திரையில் போய் நின்றிருக்கிறது. போதாக்குறைக்கு, அவள் முடித்ததும் எல்லாருமாகச் சேர்ந்து "ஆமென்". அதிலும் ஒருவர் "ஸ்தோத்திரம்" வேறு போட்டிருக்கிறார். தனியாக இருக்கிற பெண்ணின் அறையில் ஒரு சபையே உட்கார்ந்திருக்கிறது.

"சிரிக்காதீங்க அண்ணாச்சி," என்றாள் மெர்லின் போனில். "ஜாஸ்மின் ஞாயித்துக்கிழம அயர்லாந்துக்கு வேலைக்குப் போறா. எப்பம் திரும்பி வருவாளோ தெரியாது. சனிக்கிழம ஒரு நாள்தான் எங்க எல்லாருக்கும் ஒண்ணா லீவு. இந்த சீன் இல்லன்னா மூணு வருஷமா நாங்க எடுத்தது ஒண்ணுமே இல்ல. நீங்க வந்துருங்க, கெஞ்சிக் கேக்கேன்."

வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுத்தான் டிக்கெட் போட்டேன். இந்த வேலைக்கு எனக்கு ஒரு தகுதி உண்டு. ஜெப நேரத்தில் கண்ணை மூடாத கிறிஸ்தவன் நான். மூடினால் மீட்டரை யார் பார்ப்பது? பிரசங்கியார் திடீரென்று குரலை உயர்த்தினால் சவுண்டைக் குறைக்க வேண்டாமா? மேடைக்கடியில் மைக்குகளோடு உட்கார்ந்திருப்பவன் ஆமென் சொல்லவும் கூடாது. சொல்லாமலே இருந்து இருந்து எனக்கு அந்த வார்த்தையே வாயில் வராமல் போய்விட்டது.

வியாழன். ஆந்திரா முழுக்க எதிர் இருக்கைக்காரரோடு பேச்சு. கோவில்பட்டிக்காரர், பட்டாளத்தில் இருக்கிறார், லீவு முடிந்து திரும்புகிறார்.

"கிறிஸ்டியன் படமா? கடைசில நடக்க முடியாதவங்க யாரும் எந்திருச்சு நடப்பாங்களா?" என்றார்.

"இல்ல, அப்பா செத்துப்போறார். அவ்வளவுதான்."

"எந்திருக்கவே மாட்டாரா?"

"மாட்டார்."

அவர் அந்தப் பக்கமாக வந்த டீக்காரரை நிறுத்தினார். "எங்கப்பா தவறினப்போ நான் லடாக்ல இருந்தேன் சார்," என்றார். "படம் வந்தா சொல்லுங்க." பத்து ரூபாய் டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டார்.

வெள்ளி. ஜான்சி தாண்டியதும் மூடுபனி பிடித்துக்கொண்டது. ரயில் நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. சாயங்காலம் சேர வேண்டியது, நிஜாமுதீனில் இறங்கும்போது சனிக்கிழமை விடிந்துகொண்டிருந்தது. மெர்லின் ஒரு மணிக்கு ஒருதரம் "எங்க இருக்கீங்க அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் "பனிக்குள்ள" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனி காலை. போக வேண்டிய கிட்வாய் நகர் ஏழு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியை அவிழ்த்துவிட்டு நூற்றைம்பதுக்கு முடித்தேன். முகம் தெரியாமல் மஃப்ளரைச் சுற்றியிருந்தார். பெட்டியில் என்ன என்று கேட்டார். சினிமா மைக் என்றேன்.

"ஹீரோ கௌன் ஹை?"

ஹீரோ யார் என்று யோசித்துப் பார்த்தேன். "நர்ஸ்," என்றேன். "அச்சா," என்று அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

படப்பிடிப்பு நடந்தது இஸ்ரவேல் அண்ணன் வீட்டில். மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், மதுரைக்காரர், பெந்தெகொஸ்தே சபை. அவருடைய குவார்ட்டர்ஸின் உள்ளறைதான் படத்தில் நர்ஸ் ஹாஸ்டல் அறை. கதவைத் திறந்ததும் இஞ்சி டீயை நீட்டிக்கொண்டே, "வாங்கண்ணே. அந்த ஸ்தோத்திரம் நாந்தேன்ணே. மன்னிச்சுக்கங்க," என்றார். அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு பாவமாக நின்றதைப் பார்த்ததும் நான் கொண்டுவந்திருந்த கிண்டல் எல்லாம் தீர்ந்துபோயிற்று.

டெல்லிக் காலையில் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. காய்கறி வண்டிக்காரர், குக்கர் விசில், ஜன்னல் திட்டில் புறாக்கள். மெர்லின் அக்கம்பக்கத்து வீடுகளில் ரஜாய் என்கிற கனத்த பஞ்சுப் போர்வைகளை இரவல் வாங்கி, ஒரு ஜன்னலை மட்டும் வெளிச்சத்துக்கு விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் சுவரிலும் கதவிலும் தொங்கவிட்டிருந்தாள். ஸ்டூடியோக்களில் லட்சம் லட்சமாகச் செலவழித்து வாங்குகிற அமைதி அந்த அறையில் நாப்தலின் வாசனையோடு இருந்தது. நான் இரைச்சல் போடும் ஃபிரிட்ஜின் ஒயரைப் பிடுங்கிவிட்டு என் செல்போனை அதற்குள் வைத்தேன். போகும்போது போனை எடுக்க வந்தால் ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்க மாட்டோம், அவ்வளவுதான்.

கேமராக்காரன் டைட்டஸ் ஐ.என்.ஏ. ஸ்டேஷன் வரை மெட்ரோவில் வந்து, தோளில் பையோடு நடந்து வந்தான். பிறந்து வளர்ந்ததெல்லாம் டெல்லி ஜனக்புரி. கல்யாண வீடியோ எடுப்பது தொழில். தமிழ் பேசுவான், வாசிக்க வராது.

"அங்கிள், சச்சி, நிஜமா சொல்றேன், எனக்குத் தெரியவே இல்ல. ப்ரேயர் ஸ்டார்ட் ஆச்சு, கண் தானா பந்த் ஆயிடுச்சு. சின்ன வயசுல மூடலன்னா மம்மி கிள்ளுவாங்க."

"இன்னைக்கு மூடுனா நான் கிள்ளுவேன்," என்றேன்.

"கண்ணத் திறந்துகிட்டு ப்ரே பண்ணா பாவம் இல்லயா?"

"நீ ஜெபிக்க வேண்டாம்டே. படம் பிடி!"

கடைசியாக, மதியத்துக்கு மேல், ஜாஸ்மின் வந்தாள். சின்ன உருவம், அமைதியான பெண். மறுநாள் விமானம். இன்னும் பெட்டி கட்டி முடியவில்லை, நாலு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்றாள். நாலு மணிக்கு மேல் ஜன்னல் வெளிச்சமும் இருக்காது. வேலையைத் தொடங்குமுன் வழக்கம்போல ஜெபம். கத்தோலிக்கப் பெண் ஜாஸ்மின் சிலுவை அடையாளம் போட, இஸ்ரவேல் அண்ணன் கைகளை உயர்த்த, மெர்லின் சி.எஸ்.ஐ. சபை முறைப்படி சுருக்கமாக முடித்தாள். "எல்லாரும் ஆமெனை இப்பவே சொல்லித் தீத்துக்கோங்க," என்றாள். வீடே அதிரும்படி சொன்னார்கள்.

முதல் டேக். எல்லாரும் கண்ணை அகல விரித்துக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு நின்றோம். ஜாஸ்மின் கட்டிலில் உட்கார்ந்து தொடங்கினாள். "பரலோகத்தில் இருக்கிற எங்கள் அன்பின் ஆண்டவரே, இந்த நல்ல வேளைக்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம்…" ஜெபக் கூட்டத்தில் மைக் கொடுத்தால் யாரும் பேசுகிற பேச்சு. வார்த்தை சுத்தமாக இருந்தது, உயிர் இல்லை. இரண்டாவது டேக்கும் அப்படித்தான். மெர்லின் நகத்தைக் கடித்தாள். மூன்று மணி ஆகிவிட்டது.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள்.

ஜாஸ்மினுக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, எல்லாரும் என்னையே பாக்குறீங்க. ஜெபம் பண்றப்போ யாரும் யாரையும் பாக்க மாட்டாங்கல்ல? எனக்கு வர மாட்டேங்குது. அன்னைக்கு நீங்க கண்ண மூடியிருந்தீங்க, அதான் பேச முடிஞ்சது."

எந்தப் பழக்கம் படத்தைக் கெடுத்ததோ, அதே பழக்கம்தான் அந்தப் பெண்ணுக்கு மறைப்பாகவும் இருந்திருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு நட்ட நடுவில் உட்காரவைத்து அழு என்றால் எப்படி அழுவாள்?

மெர்லின் ஒரு முடிவுக்கு வந்தாள். டைட்டஸ் தவிர எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். டைட்டஸும் ரஜாய்க்குப் பின்னால் போய், லென்ஸ் மட்டும் தெரிகிற மாதிரி ஒளிந்துகொள்ள வேண்டும். இஸ்ரவேல் அண்ணன் தன்மேல் நம்பிக்கை இல்லாமல் துண்டை மடித்து வாயில் கடித்துக்கொண்டார். நான் பீரோவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டினேன். ஜாஸ்மின் தலைக்கு மேலே திரைக்கம்பியில் ஒரு மைக்கைக் கட்டியிருந்தேன். அவள் எச்சில் விழுங்குவதுகூட என் காதுக்குள் கேட்டது.

முதலில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுவதுபோல ஆரம்பித்தாள்.

"உங்க மேல கோவமா இருக்கேன். எங்கப்பா கால்ல புண்ணு இருந்துச்சு. ஆறு மாசமா ஆறல. யாரு கட்டுப் போட்டாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. நான் இங்க யாரு அப்பாவுக்கோ கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?" நிறுத்தினாள். "உங்கள விட்டா எனக்குச் சண்ட போடவும் ஆளு இல்ல. அப்பாவுக்கு ராத்திரில கண்ணு சரியாத் தெரியாது. கைய விட்டுறாதீங்க. மெதுவாக் கூட்டிட்டுப் போங்க."

அதோடு நிறுத்திவிட்டாள். வழக்கமான முடிவு எதுவும் சொல்லவில்லை. அறை அப்படியே நின்றது. புறாகூடக் கத்தவில்லை. அந்த ஜெபம் யாரும் வாங்கிக்கொள்ளாமல் பாதியில் நிற்கிற மாதிரி எனக்கு இருந்தது.

"ஆமென்."

யார் சொன்னது என்று நான் கோபமாகக் கண்ணைத் திறந்தேன். கண்ணைத் திறந்த பிறகுதான் அது மூடியிருந்ததே தெரிந்தது. ஹெட்ஃபோனில் கேட்டது என் குரல்.

டைட்டஸ் ரஜாய்க்குப் பின்னாலிருந்து முகத்தை நீட்டினான். கண்ணெல்லாம் தண்ணீர். "அங்கிள், ஆப் பீ?" என்றான். நீங்களுமா என்று கேட்கிறான். இஸ்ரவேல் அண்ணன் துண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சுவரிலேயே சாய்ந்துவிட்டார். எனக்கு மானமே போயிற்று. ஆமெனைத் துடைக்கத்தானே அவ்வளவு தூரம் வந்தேன்!

மெர்லின் ஹெட்ஃபோனை வாங்கிக் கடைசி வரை கேட்டாள். படத்தைப் பார்த்தாள். டைட்டஸின் சட்டகம் ஒரு நூல் அசையவில்லை. "எல்லாம் நல்லா வந்திருக்கு அண்ணாச்சி," என்றாள் மெதுவாக. "இது ஒண்ண மட்டும் வெட்டிருவோம்."

"வெட்டுறது லேசும்மா. அவ குரலுக்குப் பின்னாலதான் விழுந்திருக்கு," என்றேன் தலை நிமிராமல்.

"வெட்ட வேண்டாம்க்கா," என்றாள் ஜாஸ்மின். கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. "எங்கப்பா செத்தன்னைக்கு நான் ரூம்ல தனியாத்தான் ஜெபம் பண்ணேன். முடிச்சதும் ரொம்ப நேரம் உக்காந்தே இருந்தேன். ஆமென் சொல்ல யாருமே இல்ல."

"ரூம்ல அவ ஒருத்திதான இருக்கா, இது யாரு குரல்னு ஜனங்க கேப்பாங்களேம்மா?"

"கேட்டாக் கேக்கட்டும். எனக்குத் தெரியலன்னு சொல்லுங்க."

மெர்லின் அவளைக் கட்டிக்கொண்டாள். நாலு மணிக்கு ஜாஸ்மின் கிளம்பிப் போனாள். ஃபிரிட்ஜுக்குள் சில்லிட்டுக் கிடந்த போனை எடுத்துக்கொண்டு நானும் கரோல் பாக்கில் போட்டிருந்த லாட்ஜுக்குப் போனேன்.

ஞாயிறு. கரோல் பாக் கடைத்தெருவில் மனைவிக்கு ஒரு சால்வை. எண்ணூறு சொன்னதை நானூற்றைம்பதுக்கு வாங்கினேன். புது டெல்லியிலிருந்து சென்னை ரயில். எங்கள் ஊர்ப் பந்தலில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஆமென் சொல்வார்கள். அப்போதெல்லாம் என் கை தானாகவே சவுண்டைக் குறைக்கும். முப்பது வருஷத்தில் அந்த ஆமென்களில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. ரயில் கிளம்பியதும் ஹெட்ஃபோனை மாட்டி அந்த டேக்கைப் போட்டேன். அவள் குரல் நிற்கிறது, கொஞ்சம் அமைதி, அப்புறம் கரகரத்த ஒரு கிழட்டு ஆமென். லெவல் சரியில்லை. குரலும் உடைந்திருக்கிறது. வேறு யாராவது சொல்லியிருந்தால் திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டிருப்பேன். போபால் வரும்வரை அதையே போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தேன்.