திரையில் யாருடைய இதயம்?

சென்ற மாதம் ஓர் இதயத்தைக் கண்ணால் பார்த்தேன். என் தங்கை கணவர் பாபுவினுடையது.

பாபுவுக்கு முப்பத்தோரு வயது. ஆரம்பாக்கத்தில் வீடு, கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை, ஷிப்ட் முடிந்தால் ஜிம். ஆணழகன் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். சட்டைக் கை எப்போது கிழியுமோ என்று பார்க்கிறவருக்குப் பயம் வரும். அப்படிப்பட்டவர், ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது மூச்சு வாங்கிப் பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல மச்சான், தூக்கம் பத்தல" என்றார். நான் விடவில்லை. இதயத்தைத் திரையில் காட்டும் எக்கோ ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனேன்.

இருட்டறை. டாக்டர் மார்பில் ஜெல் தடவி, கருவியை வைத்தார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்தது. துடித்தது என்பதைவிட... நெளிந்தது.

டாக்டர் திரையைப் பார்த்தார். பாபுவைப் பார்த்தார். மறுபடியும் திரை.

"உங்க வயசு என்ன சொன்னீங்க?"

சொன்னார். டாக்டர் நர்ஸிடம் திரும்பினார். "முன்னாடி வந்த பெரியவர் படம் திரையில அப்படியே நின்னுடுச்சா பாருங்க."

நிற்கவில்லை.

"மூச்சை அடக்குங்க" என்றார் டாக்டர். பாபு அடக்கினார். ஆடிய படம் நிலைத்தது. மூச்சை விட்டார். மறுபடி ஆடியது. பாபுவேதான்.

வெளியே சிலை மாதிரி உடம்பு... உள்ளே வேறு யாராவது குடியிருக்கிறார்களா என்ன?

"எக்ஸர்சைஸ் செய்றவங்களுக்கும் இதயச் சுவர் கொஞ்சம் தடிக்கும். ஆனா ரத்தத்தை நல்லா தள்ளும். இது தள்ளவே மாட்டேங்குது. என்ன ஊசி போடறீங்க?"

பாபு கூரையைப் பார்த்தார். "தசை ஏறணும்னு ஸ்டீராய்டு சார். ரெண்டு வருசமா போட்டுக்கினு கீறேன்."

"இனிமே தொடாதீங்க. மாத்திரை தர்றேன். இதயத்துல தழும்பு விழுந்திருக்கான்னு எம்.ஆர்.ஐ.யில பாக்கணும். சிலருக்கு இதயம் தேறும், சிலருக்குத் தேறாது. உங்க கூட ஊசி போட்டவங்களையும் வரச் சொல்லுங்க."

வராந்தாவில் நின்று ஜிம் நண்பர்கள் இருவருக்குப் போன் போட்டார் பாபு. பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. குமார் சிரித்தார். "இன்னா நைனா, போட்டின்னா பயமா?"

மோசஸ் சிரிக்கவில்லை. மெல்லக் கேட்டார். "படுத்தா மூச்சு முட்டுதே பாபு, உனக்குமா?"

மறுநாளே மோசஸ் எக்கோ எடுத்தார். இப்போது அவருக்கும் பாபுவுக்கும் ஒரே மாத்திரை.

போன ஞாயிறு போட்டி நடந்தது. கோப்பை குமாருக்கு. ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அரங்கமே கைதட்டியது.

கோப்பையை இறக்கிய கையோடு, மூச்சிரைக்க நாற்காலி எங்கே என்று தேடினார்.