இடது கைக்காரரின் கடிதம்

அந்தக் கிழவரை நான் முதல் நாளே நம்பவில்லை. உலகமெல்லாம் பெயர் பெற்ற கௌபாய் நடிகர் ஒருவர், சுவிஸில், ஓல்டன் என்ற ஊரில், தண்டவாளத்துக்குப் பக்கத்து முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியில் கிடப்பார் என்றால் யார் நம்புவார்கள்? அப்படிப்பட்டவர்கள் ஜெனீவா ஏரிக்கரையில் மாளிகை வாங்கி இருப்பார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். இங்கே ஒவ்வொரு ரயிலுக்கும் ஜன்னல் கண்ணாடி நடுங்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, அந்த இல்லத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். அவருக்கு ஜெர்மன் வராது, எனக்கும் வராது. ஆனால் எனக்கு யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலம் இருந்தது. அதனால் தலைமைத் தாதி அவருக்கு ஏதாவது வாசித்துக் காட்டச் சொல்லி, அவருடைய அறைக்கு மட்டும் எனக்கு அரை மணி நேரம் கூடுதலாகத் தந்தார். அவரோடு நான் ஆங்கிலத்தில்தான் கதைத்தேன். எழுதப் போனால் எல்லாம் எங்கள் ஊர்த் தமிழாகவே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இல்லத்துப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர். திரைக்கு வைத்த பெயர் வேறாம். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பெயர் மாற்றி வருகிறவர்களைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். நானே வேறொருவனின் பாஸ்போர்ட்டில் வந்து இறங்கியவன்.

அந்த நடிகரை எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூட நாட்களில் யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் அவருடைய ஒரு படத்தை ஆறு தரம் பார்த்தவன் நான். வலது தோளில் கோட்டைத் தொங்கவிட்டபடி, இடது கையால் துப்பாக்கி எடுத்துச் சுடுவார். ஒரு வாரம் எங்கள் வகுப்பே வலது தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு இடது கையால் எழுதித் திரிந்தது. வாத்தியார் எல்லோருடைய இடது கையிலும் பிரம்பால் ஒன்று போட்ட பிறகுதான் பழைய கைக்குத் திரும்பினோம்.

கிழவர் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொல்வார். வறண்ட ஊர் ஒன்றில் மாட்டுப் பண்ணைக் கூலியின் மகனாகப் பிறந்தது. ஸ்டுடியோவில் குதிரை லாயம் கூட்டப் போனது. பிறகு பெரிய நடிகர்களுக்குப் பதிலாகக் குதிரையிலிருந்து விழுவதற்கு நாட்கூலி. விழுந்து விழுந்தே முகம் கேமராவுக்குப் பழகி, ஒரு நாள் கதாநாயகனானது. இருபது வருடம் ராஜாவாக இருந்தது. பிறகு கௌபாய் படத்துக்கு மதிப்புக் குறைய, இத்தாலிக்காரர்கள் எடுத்த மலிவுப் படங்களில் நடிக்க ஐரோப்பாவுக்கு வந்தது. அங்கே உடை தைத்த ஓல்டன் பெண்ணைக் கல்யாணம் செய்து அவளுடைய ஊருக்கே வந்து சேர்ந்தது. அவள் செத்துப் போனாள். ஊர் மட்டும் மிஞ்சியது என்பார்.

நான் தலையாட்டிக்கொண்டு தரையைத் துடைப்பேன். நல்ல கதைதான். தலைநகர் பேர்னுக்குப் போய் என் அகதிக் கேஸை நான் சொன்னபோது எழுதிக்கொண்ட அதிகாரியும் இப்படித்தான் தலையாட்டினார்.

அந்த மாதம் எனக்கு நெகட்டிவ் வந்தது, விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். காரணம் முன்னுக்குப் பின் முரண். அகதிக் காம்பில் நடந்த முதல் விசாரணையில், என்னை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் பாடமாக்கித் தந்ததை அப்படியே ஒப்புவித்திருந்தேன். ஆமி பிடித்து இரண்டு மாதம் வைத்திருந்ததென்று. பேர்னில் நடந்த இரண்டாம் விசாரணையில், அந்த அதிகாரியின் முகம் நல்ல முகமாகத் தெரிந்ததால் உண்மையைச் சொன்னேன். பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளை இன்றுவரை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. அவர்கள் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டுமே பொய் என்று எழுதிவிட்டார்கள். அப்பீல் செய்ய முப்பது நாள் இருந்தது. இல்லாவிட்டால் விமானம்.

கிழவர் என் முகத்தைப் பார்த்தே கேட்டார். சொன்னேன். "நான் ஒரு கடிதம் எழுதித் தாறன் தம்பி," என்றார். "என்ர பேரை அவங்களுக்குத் தெரியாமல் இராது."

தாளை மடியில் வைத்து அங்கேயே எழுதினார். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வலது கையால் எழுதினார். கையெழுத்தும் வலது கையால்தான்.

அவர் பிறவி இடது கைக்காரர் என்று தாதிமாருக்குச் சொன்னதை என் காதாலேயே கேட்டிருந்தேன். அதைப் பற்றி அவரிடமே கேட்டேன்.

"ஓ, அதுவோ," என்றார். "அது ஸ்டுடியோக்காரர் பேப்பருக்குக் குடுத்த கதை. கேக்கிற ஆக்களுக்கு நானும் அதையே சொல்லிப் போடுவன். அந்தப் படம் எடுக்கேக்குள்ள சோத்துக்கை முறிஞ்சு போச்சு. மாவுக்கட்டு தெரியாமல் இருக்கத்தான் தோளில கோட்டுப் போட்டது. சனம் அதை ஸ்டைல் எண்டு நினைச்சிட்டுது. பிறகு பிறவியிலயே இடக்கைதான் எண்டு ஆக்கிப்போட்டாங்கள்."

வலு அழகான விளக்கம். அவ்வளவு அழகாக இருந்ததே என் சந்தேகத்தைக் கூட்டியது. அன்றிலிருந்து அவரை விசாரிக்கத் தொடங்கினேன். அதிகாரிகள் என்னைக் கேட்டது போலவே கேட்டேன். ஒரே கேள்வியை நாலு நாள் விட்டு, வேறு பக்கத்தால், தற்செயலாகக் கேட்பது போல. பதிலை வேலை அட்டவணையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். தாதிமாருக்கு அவர் சொன்னது: எல்லாப் படத்திலும் ஒரே குதிரை, தன் மடியில் தலைவைத்துச் செத்தது. எனக்குச் சொன்னது: ஐந்து குதிரைகள், நெற்றியில் வெள்ளைப் பெயின்ட் அடித்து ஒன்றாக்கியவை. குறித்தேன். முரண் இரண்டு.

எனக்கு அதில் ஒரு ருசியும் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அறையில் என்னோடு இருந்த அண்ணைக்குக் கடிதத்தைக் காட்டினேன். அவர் என்னைவிட இரண்டு வருடம் முந்தி வந்தவர். எதையும் நம்பாமலே அந்த இரண்டு வருடத்தையும் ஓட்டியவர். வாசித்துவிட்டு மடித்துத் தந்தார்.

"பெரிய நடிகன் எண்டால் ஏன்ரா இஞ்ச கிடக்கிறான்? பொய்க் கடிதம் எண்டு பிடிச்சாங்கள் எண்டால், உன்ர உண்மையும் அதோட சேர்ந்து போயிடும்."

"அவர் பொய்யன் எண்டு எனக்கும் நிச்சயமில்லை, அண்ணை."

"நிச்சயமில்லாததை ஏன் கேஸில போடுறாய்?"

கடிதம் சின்னது. இந்த இளைஞன் தினமும் என் அறைக்கு வருகிறான், எனக்கு வாசித்துக் காட்டுகிறான், அவன் சொல்வதை நான் நம்புகிறேன். அவ்வளவுதான். கடைசி வரியை நான் பல தரம் வாசித்தேன். இந்த நாட்டில் அப்படி ஒரு வரியை எனக்காக வேறு யாரும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அதைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, அப்பீலை மட்டும் வக்கீலிடம் கொடுத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிழவர் கேட்டார். "கடிதம் குடுத்தாச்சோ?"

"ஓம், வக்கீலிட்டைக் குடுத்திட்டன்."

அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைக்கூட நான் சந்தேகித்தேன்.

முப்பது நாளும் முடிந்து அடுத்து வந்த ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, இல்லத்தின் கூடத்தில் டிவியில் கௌபாய் படம் ஒன்று ஓடியது. படத்தில் எல்லோரும் ஜெர்மன் பேசிக்கொண்டிருந்தார்கள். கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். யாழ்ப்பாணத்தில் ஆறு தரம் பார்த்த அதே படம். கதாநாயகன் மதுக்கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான், துப்பாக்கியை எடுத்தான். வலது கையால்.

அடுத்த காட்சியில் தோளில் கோட்டு, இடது கை. அதற்கடுத்ததில் கோட்டு இல்லை, மறுபடியும் வலது கை. பிறகு இடது. படங்களை முன்பின்னாகத்தானே எடுப்பார்கள், முறிவதற்கு முன் எடுத்ததும் முறிந்த பின் எடுத்ததும் கலந்து கிடந்தன. ஆறு தரம் பார்த்தவன் நான். கை மாறுவதை ஒரு தரம்கூடக் கவனித்ததில்லை. என் நினைவை யாராவது விசாரித்திருந்தால், இடது கைதான் என்று கோயிலில் கற்பூரம் அணைத்தே சத்தியம் செய்திருப்பேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாதிமாருக்கு அவர் சொன்னது மற்றவர்கள் பாடமாக்கிக் கொடுத்த கதை. எனக்குச் சொன்னது உண்மை. நல்ல முகமென்று நம்பித்தான் அவர் எனக்கு உண்மையைச் சொல்லியிருந்தார். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுமே பொய் என்று எழுதினேன். எனக்குச் செய்ததையே ஒரு வரிகூட மாற்றாமல் அவருக்குச் செய்திருந்தேன். கோப்பைகளைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

பிற்பாடு அந்த அப்பீலும் நெகட்டிவ் ஆனது. வருடங்கள் இழுபட்டு, வேறு வழியில்தான் எனக்கு விசா கிடைத்தது. கடிதம் போயிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று தெரியாது. ஒரு கிழட்டு நடிகரின் வரிக்காகப் பேர்ன் அசையுமா என்று அண்ணை கேட்பார். அசையாமலும் இருந்திருக்கலாம்.

டிவியில் படம் பார்த்த அடுத்த நாள் கிழவரின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் சக்கர நாற்காலியில் இருந்தார்.

"நேற்றுப் படம் பாத்தனீரோ? என்ர கை எப்பிடி மாறுது எண்டு கண்டனீரோ?" என்று சிரித்தார்.

"கண்டனான்."

"கடிதத்துக்குப் பதில் ஏதும் வந்ததோ?"

"இல்லை," என்றேன். "பேர்னுக்குத் தபாலில போட்டனான்தானே. நாள் எடுக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். ரயில் ஒன்று போய் முடியும் வரைக்கும் பார்த்தார்.

"வக்கீலிட்டைக் குடுத்ததெண்டு சொன்னனீர்."

முகம் சுட்டது. பொய்யை மூடுவதற்கு இன்னொரு பொய்யைத் தேடினேன். ஒன்றும் கைக்கு வரவில்லை.

"சரி," என்றார் கிழவர். "ரெண்டும் சரியாத்தான் இருக்கும்." பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிவிடச் சொன்னார். திருப்பிவிட்டேன்.

கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு அவருடைய மடியில் தாளும் இருந்தது, பேனையும் இருந்தது. அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.