பாஞ்சாலிக்குக் கோடி போன ஊர்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் ஜாக்கெட் தைக்கிற கிருஷ்ணவேணியைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் குறைவு. அளவு ஜாக்கெட் கொடுத்தால் அதில் இருக்கிற தப்பையும் திருத்தித்தான் தருவாள். பேச்சிலும் அப்படியே. கோணலாக ஒன்று காதில் விழுந்தால் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டாள்.

அவள் மகள் கலைமதி, புருஷன் அடித்த அடி தாங்காமல் அம்மா வீட்டுக்கு வந்தவள். விழுப்புரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முகம் தெளிந்து, சிரிக்கக்கூட ஆரம்பித்திருந்தாள். அது பொறுக்குமா சிலருக்கு? கிருஷ்ணவேணியின் மூத்தார் சக்கரபாணி, மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர், செத்துப்போன தம்பியின் குடும்பத்துக்கும் தாமே தலை என்று நினைப்பவர், ஒருநாள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம பூவாடைக்காரிய மறந்துட்டியாம்மா? புருஷங்கூட சண்டை போட்டுக்கினு கிணத்துல விழுந்து செத்தவ. என் அப்பாவப் பெத்த ஆயா. அந்தக் கோவம் இன்னும் ஆறல. வாழாவெட்டியா நிக்கிற பொண்ண அவ சும்மா விடமாட்டா. எம் பையன் ரஞ்சித் கல்யாணப் படையலுக்கு இவ மாமியார் வீட்டுக்காரங்க வர்றாங்க. அப்பிடியே கூட்டிக்கினு போவட்டும்."

அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் முன்னால் வயல் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் மொண்டு, அதற்குப் புதுப்புடவை சுற்றிப் பூ வைத்து, சுமங்கலியாகச் செத்த அந்த முன்னோரை அழைத்துப் படைப்பார்கள். அவள்தான் பூவாடைக்காரி. பெயர் என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பயம் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

"பெரியப்பா சொல்றது நெஜமாம்மா? நானும் அப்பிடித்தான் போயிடுவேனா?" என்று கலைமதி கேட்டாள். கிருஷ்ணவேணி தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். அந்தப் பூவாடைக்காரி எப்படித்தான் செத்தாள் என்று தெரியாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

கல்யாணமான பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வரவேண்டும். அதைப் போர்த்தாமல் பிணம் எடுக்க மாட்டார்கள். கிருஷ்ணவேணி மூத்தாருக்குப் போன் போட்டாள்.

"மாமா, உங்க ஆயாவுக்கு யாருங்க கோடி எடுத்தாந்தாங்க?"

"அந்தக் காலத்துக் கதை, எனக்கின்னா தெரியும்? ஆளப் பேஜாரு பண்ணாத."

எந்த இடத்தில் எரித்தார்கள் என்று ஊர்க் கிழவர்களை விசாரித்தாள். அதுவும் தெரியவில்லை. கோடியும் இல்லை, எரித்த இடமும் இல்லை, சாவு மட்டும் இருக்கிறதாம். யாரோ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது.

பூவாடைக்காரி பிறந்த ஊர் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம், கரும்பு போடுகிற குடும்பம் என்ற ஒரு துப்புதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைச் சாத்திவிட்டு, விழுப்புரத்தில் பஸ் மாறி, வீடு வீடாகக் கேட்டாள். ஒரு வீட்டில் மோர் கொடுத்து அனுப்பினார்கள். இன்னொரு வீட்டில், "பங்கு கேக்க வந்தியா?" என்று கதவைச் சாத்தினார்கள். கடைசியில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த பூமாலை என்கிற அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மயிலத்துப் பக்கம் குடுத்தவங்களா? எங்க மாமனாருக்கு அத்தை அவங்க. பாஞ்சாலி."

அந்தப் பெயரைக் கிருஷ்ணவேணி ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தாள். இத்தனை கல்யாணத்தில் படைத்திருக்கிறார்கள், ஒருத்தராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டதுண்டா?

"அவங்க சாவுக்குக் கோடி போச்சாக்கா?"

"போவாம? நான் அப்போ புது மருமவ. பெண்ணையாத்துல வெள்ளம், தரைப்பாலம் முழுகிப்போச்சு. எங்க மாமனாரு புடவையத் தலைமேல கட்டிக்கினு கழுத்தளவு தண்ணியில அக்கரை ஏறினாரு."

"மயிலத்துக்கா?"

"மயிலத்துல இன்னா இருக்குது? அங்க அடிச்சுத் தொரத்திட்டாங்களே. முகையூருக்குத்தான்."

அன்றைக்கே முகையூருக்குப் பஸ் ஏறினாள் கிருஷ்ணவேணி. பாஞ்சாலியின் பேரன் வல்லரசு, கிணற்றடியில் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"கிணத்துல விழுந்தாங்களா? இந்தக் கிணத்த வெட்டினதே எங்க ஆயாதாங்க. மண்ணு சுமந்ததும் அவங்க தலைதான்."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். புருஷன் அடி தாங்காமல் கட்டின புடவையோடு வந்தவள் பாஞ்சாலி. மூன்று வயசுப் பையனை மாமியார் வீட்டார் பிடுங்கிக்கொண்டார்கள். கேட்கப் போனபோது தடியெடுத்துத் துரத்தினார்கள். இங்கே கூலி வேலை செய்து, வல்லரசின் தாத்தாவைக் கட்டிக்கொண்டு, நிலம் வாங்கி, கொள்ளுப்பேரனையும் இடுப்பில் தூக்கிவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

"மயிலத்துல ஒரு புள்ள இருக்குதுன்னு சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாங்க."

கிருஷ்ணவேணி கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்ற சிரிப்பு அது.

ரஞ்சித் கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் கலைமதியின் மாமியார் வீட்டு வேன் வந்து நின்றது. சக்கரபாணி குடத்தோடு வயல் கிணற்றில் இறங்கப் போனார். கிருஷ்ணவேணி வழியை மறித்தாள். பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு வல்லரசு நின்றார்.

"அதுல மொள்ளாதீங்க மாமா. உங்க ஆயா அதுல விழவேயில்ல. அடிச்சுத் தொரத்தினத மறைக்கத்தான் அப்பிடிக் கதை கட்டினாங்க. பேரு பாஞ்சாலி. இது அவங்க வெட்டின கிணத்துத் தண்ணி, இவரு அவங்க பேரன்."

கூடியிருந்த பங்காளிகள் முன்னால் ஒன்றுவிடாமல் சொன்னாள். சக்கரபாணி முனகினார்.

"செத்தவளுக்குத்தானே படைக்கணும்?"

"அவங்களும் செத்துத்தான் போனாங்க. நல்லா வாழ்ந்துட்டு செத்தாங்க. உங்க அப்பாவ நெனச்சு ஏங்கிக்கினே இருந்தாங்களாம். அவங்களுக்கு யார்மேலயும் கோவம் இல்ல மாமா. அந்தக் கோவத்த இவ்ளோ வருசமா நீங்கதான் சொமந்துக்கினு இருக்கீங்க."

தாயில்லாப் பிள்ளையாகவே வளர்ந்து செத்த அப்பாவின் ஞாபகம் வந்திருக்க வேண்டும், சக்கரபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வல்லரசின் கையிலிருந்த குடத்தை இரண்டு கையாலும் வாங்கினார்.

படைத்த புடவையை, புருஷனோடு வாழ்கிற பெண் ஒருத்திக்குத்தான் கொடுப்பது வழக்கம். ரஞ்சித்தின் அக்காள் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். சக்கரபாணி அவளைத் தாண்டிப் போய், பின்னால் தள்ளி நின்ற கலைமதியின் கையில் புடவையை வைத்தார்.

வேனில் வந்த மாமியார் வீட்டாரில் ஒருவர், "பொண்ண ஜல்தியா கெளம்பச் சொல்லுங்க" என்றார்.

"சாப்பிட்டுப் போங்க," என்றார் சக்கரபாணி. "எங்க பாஞ்சாலி ஆயா வூட்டுப் பொண்ணு அது. அனுப்பறதா இல்ல."