நாங்களே செய்த பூட்டு

கள்ளக்குறிச்சியில் நானும் என் கூட்டாளியும் சின்னதாக ஒரு மென்பொருள் அலுவலகம் நடத்துகிறோம். வீட்டில் அடி உதை வாங்கும் பெண்கள் ரகசியமாகச் செய்தி அனுப்ப ஒரு செயலி வேண்டுமென்று உதவி மையம் ஒன்று கேட்டது. கல்வராயன் மலையிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் பெண்கள் எழுதுவார்கள். மையத்து ஆலோசகர் மட்டும் படிக்க வேண்டும்.

செய்தியைப் பூட்டி அனுப்பவென்றே தயாராக எழுதி வைத்த நிரல்கள் இருக்கின்றன. லைப்ரரி என்போம். உலகமே உடைத்துப் பார்த்து, முடியாமல் விட்டவை, காசும் கிடையாது. அதையே போடலாம் என்றேன். கூட்டாளிக்கு அது கௌரவக் குறைச்சல்.

“அது எப்படி வேல செய்யுதுன்னு ஊருக்கே தெரியும். நம்ம பூட்டு நமக்கு மட்டுந்தான் தெரியும்” என்றார்.

நான் கத்தினேன். அவர் சிரித்துவிட்டுத் தானே ஒன்றை எழுதினார். மையத்துக்கு அவசரம், உடனே ஓட விட்டுவிட்டார். சோதனை என்று என் கைக்கு வந்தபோது பெண்கள் எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

வழியில் ஒருவன் இடைமறித்துப் பார்த்தால் என்ன தெரியுமோ அதைத் திரையில் எடுத்துப் போட்டேன். புரியாத குறிகள், வரி வரியாக. ஆனால் எல்லாச் செய்திகளும் ஒரே குறிகளோடு தொடங்கின. நல்ல பூட்டில் அப்படி வரவே கூடாது.

எங்கள் பக்கத்தில் எவளும் எடுத்த எடுப்பில் தன் கஷ்டத்தைச் சொல்ல மாட்டாள். முதுகு வீங்கிக் கிடந்தாலும் முதலில் எதிரே இருப்பவரை நலம் விசாரிப்பாள். ‘நல்லா இருக்கீங்களா, சாப்ட்டீங்களா’ என்று ஊகித்து அந்தக் குறிகளோடு பொருத்தினேன். கூட்டாளி வைத்த சாவி சின்னது, திரும்பத் திரும்ப அதுவேதான் வரும், எல்லாருக்கும் அது ஒன்றுதான். அந்த விசாரிப்பின் நீளத்துக்குள்ளேயே முழுச் சாவியும் வெளியே வந்துவிட்டது. டீ ஆறுவதற்குள் முதல் செய்தி திறந்துகொண்டது.

“நல்லா இருக்கீங்களா, சாப்ட்டீங்களா. எங்க வூட்டுக்காரரு செவ்வாக்கெழம மெட்ராஸ் போறாரு. அன்னிக்குப் புள்ளயக் கூட்டிக்கினு வந்துடறேங்க. நைனார்பாளையத்துல பாதி வூட்டுக்கு நெட் குடுக்கறதே அவருதான். போன்ல பேசனா தெரிஞ்சிடும்னுதான் இதுல எழுதறேன். எந்தங்கச்சி கள்ளக்குறிச்சியில கம்ப்யூட்டர் வேல பாக்குது. அதுக்குக்கூடத் தெரியாதுங்க.”

அக்கா. என் கூடப் பிறந்த அக்கா. போன வாரம்தான் ரிஷிவந்தியம் கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்து, மாமா புது பைக் எடுத்ததைச் சொல்லிச் சிரித்தாள். மாமாவைத் தங்கமான மனுஷன் என்று ஊரெல்லாம் சொன்னவள் நான். அவள் எழுதியது முழுக்க ஊருக்கு நெட் கொடுக்க அவன் கடையில் வைத்திருக்கிற பெட்டி வழியாகத்தான் வந்திருக்கிறது. எனக்கே இவ்வளவு சுலபமென்றால், நாளெல்லாம் அந்தப் பெட்டியோடு கிடக்கிறவனுக்கு?

செயலியை அப்போதே நிறுத்தினேன். ஏன் என்று கேட்ட கூட்டாளியிடம், எல்லாச் செய்திகளின் முதல் வரியையும் படித்துச் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல அது என் கதையில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அவரே உட்கார்ந்து லைப்ரரியைப் போட்டு முடித்தார். நான் ஆலோசகரைக் கூப்பிட்டு, நைனார்பாளையத்துப் பெண் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்க வேண்டாம் என்றேன். அவர் அந்த ஊர் நர்ஸம்மா மூலம் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் தடுப்பூசி போட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா பஸ் ஏறி வந்துவிட்டாள். மையத்து வாசலில் நான் நிற்பதைப் பார்த்ததும் அவள் படியிலேயே நின்றுவிட்டாள். அவள் மறைத்ததிலேயே பெரிதாக மறைத்தது என்னிடம்தான். பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு என்னையே பார்த்தாள். என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“சாப்ட்டியா?” என்றாள்.