பத்துக் கைநாட்டு

கலியம்மாளுக்குக் கோபம் வந்தால் தெருவில் நாய்கூடக் குறுக்கே வராது. குன்னத்துப் பக்கம் வெங்காயம் பிடுங்கும் கூலிக்காரி அவள். சிலோனிலிருந்து திரும்பிய குடும்பங்கள் எண்பத்தைந்தாம் வருஷம் வரைக்கும் எந்தக் காகிதத்துக்கும் அவளைத்தான் தேடி வந்தன. எல்லாம் எழுபத்தெட்டில் வந்த ஒரு கோபத்தில் ஆரம்பித்தது. அதுவும் சொந்தத் தெருக்காரர்கள்மேல்.

ரத்தினம்மாள் அந்த வருஷம்தான் கப்பலில் வந்து இறங்கியிருந்தாள். அவளுடைய தாத்தா இதே தெருவிலிருந்து பிழைக்கப் போனவர். மூன்று தலைமுறை தேயிலைக் கொழுந்து கிள்ளியும், இந்தியாக்காரி என்று அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். இங்கே வந்தால் சிலோன்காரி. புருஷன் தோட்டத்திலேயே செத்துப்போனான். மகள் ஜானகிக்குப் பெரம்பலூரில் விடுதியோடு படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் ஜாதிச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் பன்னிரண்டு வயசுப் பிள்ளை வெங்காயக் காட்டுக்குத்தான் வரவேண்டும்.

"இவ எங்க சனந்தான்னு ஒங்க தெருவுல பத்துப் பேரு எழுதிக் குடுக்கணும்" என்றுவிட்டார் தாலுக்கா ஆபீஸ் கிளார்க்.

ஓர் ஆம்பளையும் பேனாவைத் தொடவில்லை. முதலில் கையை விரித்தவன் கலியம்மாளின் கொழுந்தன் செல்லமுத்து.

"இன்னைக்குக் கையெழுத்தும்பா. நாளைக்கு மனையில பங்கு கேப்பா" என்றான்.

"கேக்கட்டுமே. அவ தாத்தன் வுட்டுட்டுப் போன எடத்துலதான நீ கொட்டாய் போட்டிருக்க?"

செல்லமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தான். கலியம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மேலத்தெருக்காரன் நம்மை ஒதுக்குகிறான் என்று டீக்கடையில் குமுறிய அதே ஆட்கள்தான் இவர்கள். ஒதுக்குவதற்கு ஓர் ஆள் கிடைத்ததும் பெரிய மனுஷர்களாகிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வெங்காயத்தை அப்படியே காட்டில் போட்டுவிட்டு ரத்தினம்மாளையும் ஜானகியையும் கூட்டிக்கொண்டு ஒன்பது பெண்களோடு ஆபீசுக்குப் போனாள். செல்லமுத்துவின் பெண்டாட்டி செங்கமலமும் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி.

"பொம்பளைங்க கைநாட்டு செல்லாதும்மா" என்றார் கிளார்க்.

"போன வருசம் எலெக்சன்ல செல்லுச்சுங்களே சார்" என்றாள் கலியம்மாள்.

பக்கத்து மேசையில் சிரித்துவிட்டார்கள். கிளார்க் மைப்பெட்டியை முன்னால் தள்ளினார். பத்துக் கட்டைவிரலும் பதிந்த பிறகு ரத்தினம்மாள் பக்கம் திரும்பினார்.

"சொந்த ஊரு?"

"பதுளைங்க."

பிறந்ததிலிருந்து ஊர் என்றால் அவளுக்குச் சிலோனில் உள்ள அந்தத் தோட்டத்து ஊர்தான். கிளார்க் பேனாவை மூடினார். "அவளே சொல்லிட்டா. அப்புறம் என்ன?"

ஜானகி அழ ஆரம்பித்தாள். கலியம்மாள் மேசைமேல் கையை ஊன்றினாள்.

"பொறந்த ஊர சொல்றா சார். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியல, அவ்வளவுதான். பஞ்சத்துல எங்க தெருவுலேருந்து போன குடும்பம் அது. எங்க சனம்னு பத்துப் பேரு சொல்றோம். நீங்க எழுதாம நாங்க எந்திரிக்கமாட்டோம்."

பத்துப் பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நடக்கக்கூட வழியில்லை. மூன்று மணிக்குச் சான்றிதழ் கைக்கு வந்தது.

வாசலில் ரத்தினம்மாள் இரண்டு கையையும் கூப்பினாள். "இந்த உதவிய எப்படிங்க மறப்பேன்" என்றாள். கலியம்மாளின் மிச்சக் கோபமெல்லாம் அவள்மேல் பாய்ந்தது.

"கையக் கீழ போடு. என்கிட்ட 'ங்க' போட்டுப் பேசாத. சொந்தக்காரிக்கு யாருடி கும்புடு போடுவா?"

ரத்தினம்மாள் கையை இறக்கினாள்.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடலக்கா" என்றாள். "பசிக்குது."