நாற்பது இடது சிறகுகள்

மார்கழி மாதம் காலை ஆறரை மணிக்கு எங்கள் ஊர் பஸ் நிறுத்தம் பனிக்குள் கரைந்து கிடக்கும். புளியமரம் தெரியாது. எதிரே இருக்கும் டீக்கடையும் தெரியாது, கொதிக்கிற பாலின் வாசனை மட்டும் வரும். மாதனூர்ப் பக்கமிருந்து ஷூ கம்பெனி பஸ்ஸின் விளக்குகள் இரண்டு மஞ்சள் கறைகளாக மெல்லப் பெரிதாகும். அந்தப் பனியில்தான் நான் ஒரு பிஸ்கட் டின்னை ஏந்திக்கொண்டு நின்றேன். இடுப்பில் என் மகள். ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் வைக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அவள் இறங்க மாட்டாள்.

சமுதாயக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு இலவசமாக ஓவியம் சொல்லித்தரும் டீச்சர் ஒருவர் இருக்கிறார். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து பாலாற்றில் தண்ணீர் வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு, பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளின் ஊர்வலம் ஒன்று நடத்தலாம் என்றார். பெரிய பிள்ளைகள் மீன்களாக, நீலத் துணியை ஆறு போல அசைத்துக்கொண்டு வருவார்கள். சின்னப் பிள்ளைகள் இருபது பேர் கொக்குகள். கூடத்திலிருந்து ஆற்றங்கரை வரை, பம்பை மேளத்தோடு. மேளத்துக்கு, துணிக்கு, வண்ணத்துக்கு, பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு என்று பணம் வேண்டும். வேலைகளைத் தாய்மார்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். நான் கணக்கில் முதுகலை படித்தவள் என்பதால் வசூலும், கடிதம் எழுதுவதும், அளவெடுத்து வெட்டுவதும் என்னிடம் வந்தன. யார் எது சொன்னாலும் சரி என்பதுதான் என் வழக்கம்.

ஆனால் அன்று நான் சரி என்றது வழக்கத்தால் அல்ல. ஊர்வலத்துக்கு டீச்சர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார்: வரிசைக்குள் பெற்றோர் யாரும் வரக்கூடாது.

என் மகள் வீட்டில் ஓயாமல் பேசுவாள். வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. பள்ளி ஆண்டு விழாவில் மேடை ஏற மறுத்ததால் நானே அவளோடு ஏறி, பூ வேடம் போட்ட பிள்ளைகளுக்கு நடுவில் பாட்டு முடியும்வரை நின்றேன். கீழே சிரித்தார்கள். அவள் என் முந்தானை நுனியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பயம் வந்தால் அவளுக்கு அப்படித்தான். இந்த ஊர்வலத்தில் அவள் தனியாக நடப்பாளா? அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களிடம் "ஊர்ப் பிள்ளைங்களுக்காக" என்று சொல்லும்போதெல்லாம், டின்னில் காசு விழும் சத்தத்தில், ஊர்ப் பிள்ளைகளுக்கா, ஒரு பிள்ளைக்கா என்று எனக்குள் ஒரு கேள்வி கேட்கும்.

அந்தப் பெண்களில் ஒருத்தி கம்பெனியின் கட்டிங் செக்ஷனில் தோல் வெட்டுபவள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். டின்னுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"கொக்குக்கு றெக்க எதுல செய்யப் போற?"

சார்ட் பேப்பரில் என்றேன்.

"பனியில நனைஞ்சா பேப்பரு அப்பளமா பூடும். எங்க கம்பெனில ரிஜெக்ட் லைனிங் தோலு கெடக்குது, வெள்ளையா. மேனேஜருக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு, கேட்டுப் பாக்குறேன்."

கடிதத்தை மூன்று முறை எழுதினேன். "தாழ்மையுடன்" என்ற சொல்லைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டேன். ஒரு வாரத்தில் தோல் வந்தது. ஆங்காங்கே ஓட்டையும் கறையும் விழுந்த மெல்லிய ஆட்டுத்தோல்கள். ஷூவுக்கு உள்ளே யாரும் பார்க்காத இடத்தில் ஒட்டுவது. ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. அதோடு எனக்கு ஒரு சந்தேகமும் வந்தது. ஊர்வலம் மாரியம்மன் கோயில் வழியாகப் போகிறது, பிள்ளைகள் உடம்பில் தோலைக் கட்டிக்கொண்டு போகலாமா என்று அவளிடமே கேட்டேன்.

"முன்னாடி அடிச்சினு போற பம்பை இன்னாவாம்? அது தோலு இல்லியா?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

அட்டையில் ஒரு சிறகு வரைந்து வெட்டினேன். தோள் பக்கம் வளைவு, நுனியில் ஐந்து இறகுகள், ஒன்றைவிட ஒன்று நீளம். அதைத் தோலின் பளபளப்பான பக்கத்தில் வைத்து, தோலில் குறி போட அவள் கொடுத்த சில்வர் பேனாவால் சுற்றி வரைந்து வெட்டினேன். நான்கு நாட்கள் மதியம் முழுக்க அதே வேலை. வீட்டில் தோல் வாசனை நிறைந்திருந்தது. ஜன்னல் வெயிலில் தரை முழுவதும் வெள்ளைச் சிறகுகள் கிடக்க, வயலில் ஒரு கூட்டம் வந்து இறங்கியதைப் போலிருக்கும். என் கணவர் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். மகள் அவற்றின் நடுவில் படுத்துத் தூங்குவாள். எனக்கும் அந்த நாட்களில் விழிப்புக்கும் தூக்கத்துக்கும் இடையே கோடு அழிந்துவிட்டது. கண்ணை மூடினாலும் என் கத்திரிக்கோல் அந்த ஐந்து இறகுகளைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கட்டிங் செக்ஷன்காரி உதவிக்கு வந்தாள். சிறகு துவளாமலிருக்கப் பின்னால் ஒட்டுவதற்கு ஷூ டப்பாக்களைக் கட்டாகக் கொண்டுவந்திருந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா இது. நாப்பதும் லெப்ட்டா வெட்டி வெச்சிருக்க?"

எனக்குப் புரியவில்லை. அவள் இரண்டு சிறகுகளை எடுத்து, பளபளப்பு வெளியே தெரியும்படி என் இரண்டு தோள்களிலும் வைத்தாள். ஒன்றின் இறகுகள் கீழே தொங்கின. மற்றொன்றில் அவை வானத்தைப் பார்த்தன. அட்டையைப் பாதிக்குத் திருப்பிப் போட்டு வரைந்திருக்க வேண்டும். கம்பெனியில் முதல் நாள் வேலைக்கு வரும் பெண்ணுக்குக்கூட அது தெரியும். ஒவ்வொரு ஜோடிக்கும் இடது, வலது பார்த்துப் பார்த்தே அவர்கள் கை பழகியிருக்கிறது. கண்ணாடிப் பிம்பத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.

"இன்னும் கொஞ்சம் தோலு கேக்கலாமா?" என்றேன்.

"லெட்டர்ல இன்னா எழுதுவ? கொக்குக்கு வலது கை இல்லன்னா?" சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். "பாதியத் திருப்பிப் போட்டு அட்டைய ஒட்டு. ஒரு றெக்க பளபளன்னு, ஒரு றெக்க சொரசொரன்னு இருந்துட்டுப் போவட்டும். கம்பெனியா இருந்தா மொத்தமும் ரிஜெக்ட். இங்க யாரு செக் பண்ணப் போறாங்க?"

நான்தான் செக் பண்ணுவேன் என்று அவளுக்குத் தெரியாது. ஊருக்காகக் கேட்டு வாங்கியதை நான் பாழாக்கிவிட்டேன் என்று, ஒட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. திருப்பி ஒட்டிய ஒரு வலது சிறகை என் மகள் மடியில் வைத்துக் கட்டைவிரலால் தேய்ப்பதைப் பார்த்தபோது, அழுக்காகிவிடும், வை என்று அதட்டினேன்.

"அம்மா, இது பூன நாக்கு மாதிரி இருக்கு," என்று என் காதருகே வந்து சொன்னாள். பக்கத்தில் ஆள் இருந்ததால் ரகசியமாக. மறுபடி போய்த் தேய்த்தாள். நான் பசையைக் கவனிக்கப் போய்விட்டேன்.

ஊர்வலத்தன்று காலை கூடத்தில் பிள்ளைகளுக்குச் சிறகு கட்டினோம். முழங்கையில் ஒரு நாடா, மணிக்கட்டில் ஒரு நாடா, விரல்கள் மட்டும் வெளியே. தலையில் வெள்ளைத் துணித் தொப்பி, மஞ்சள் அலகு. என் மகளுக்கு நானே கட்டினேன். முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அவள் கைகள் சிறகுக்குள் போனதும் என் முந்தானை அவள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போனதைப் பார்த்தேன். டீச்சர் வந்து, அம்மாக்கள் எல்லாம் ஆத்தங்கரைக்குப் போய் நில்லுங்க என்றார். நான் அவள் தொப்பியைச் சரிசெய்யக் குனிந்தேன். கட்டிங் செக்ஷன்காரி என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஆற்றங்கரைச் சாலையில் வெயில் இன்னும் பனியைத் துளைக்கவில்லை. பம்பைச் சத்தம் முதலில் வந்தது, ஆளில்லாமல். பிறகு நீலத் துணி, காற்றில் எழுந்து தாழ்ந்து, நிஜமாகவே ஆறு சாலையில் ஏறி வருவதைப் போல. மீன்கள் போயின. அதன் பின்னால் வெள்ளை.

இருபது கொக்குகள். எல்லாம் ஒரே உயரம், ஒரே அலகு. நான் தேடினேன். அழுகிற கொக்கைத் தேடினேன். வரிசையை விட்டு விலகி ஓரமாக நிற்பதை, டீச்சர் கைபிடித்து இழுத்து வருவதைத் தேடினேன். அப்படி ஒன்றும் இல்லை. கூடத்திலேயே நின்றுவிட்டாளோ? எத்தனை கொக்கு என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் எண்ணிக்கை தவறி, மறுபடி தொடங்கினேன்.

"அதோ பாரு," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

எல்லாக் கொக்குகளும் இரண்டு கைகளையும் விரித்து அடித்துக்கொண்டு போயின. நடுவில் ஒன்று மட்டும் பறக்கவில்லை. இடது சிறகை மார்புக்குக் குறுக்கே மடக்கி, வலது சிறகின் சொரசொரப்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே, தரையைப் பார்த்து, மற்றவர்களின் அதே வேகத்தில் நடந்துகொண்டிருந்தது.

ஓடிப்போக என் உடம்பு முன்னால் சாய்ந்தது.

"உடும்மா. போவட்டும்."

என்னைக் கடக்கும்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். அலகின் நிழலில் கண் தெரியவில்லை. நிற்கவில்லை. நீலத் துணியின் பின்னால் மணலில் இறங்கி, மற்ற வெள்ளைகளோடு கலந்து, எது என் மகள் என்று மறுபடியும் தெரியாமல் போனது. இந்த முறை நான் எண்ணவில்லை.

மேளம் நின்ற பிறகு அவள் ஓடிவந்து தண்ணீர் கேட்டாள். வலது சிறகில் ஓரிடம் தேய்ந்து கறுத்திருந்தது.

திங்கட்கிழமை காலை, காசு போட்ட பெண்களுக்கு நன்றி சொல்ல நானும் மகளும் பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். "இன்னா கொக்கு, பேச மாட்டியா?" என்று பஸ் படியிலிருந்து குனிந்து கேட்டாள் கட்டிங் செக்ஷன்காரி. என் மகள் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பஸ் பனிக்குள் போய் மறைந்ததும், "அந்த அக்கா என்னைய கொக்குன்னு கூப்ட்டாங்க" என்றாள். இடுப்பில் ஏறாமல் வீடு வரைக்கும் நடந்தே வந்தாள்.